தலைக்கு ஒரு முறை, வயிற்றுக்கு ஒரு முறை

(விளாத்திகுளத்தில் பொதுமக்கள் முன் சி.டி. ஸ்கேன் பற்றி ஒரு கதிரியக்க மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நம் கரிசல் பக்கத்தில் சி.டி. ஸ்கேன் என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு இல்லை. பைக்கில் விழுந்தவர், பக்கவாதம் வந்தவர், கல் வலியில் துடித்தவர் என்று குடும்பத்துக்கு ஒருவராவது அந்த வளையத்துக்குள் போய் வந்திருப்பார். போய் வந்தவரிடம் “என்ன ஸ்கேன் எடுத்தாங்க?” என்று கேட்டால், “சி.டி. ஸ்கேன்” என்பதோடு பதில் நின்றுவிடும். தலைக்கா, நெஞ்சுக்கா, படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுத்தார்களா, ஏற்றாமலா, எதைத் தேடி எடுத்தார்கள் என்பது தெரியாது. அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். சி.டி. ஸ்கேன் என்பது ஒரு பரிசோதனை இல்லை. ஒரே மெஷினில் எடுக்கிற பல பரிசோதனைகள். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான், அது தெரிகிற மாதிரி எடுக்க முடியும். நோயாளி சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தால் படம் முழுக்க வீணாகிப் போவதும் உண்டு.

முதலில் இந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வேம்பார் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பனங்காட்டைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இடத்திலிருந்து பார்த்தால் மூன்று பனை ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே மரமாகத் தெரியும். பஸ் நகர நகர மூன்றும் பிரியும். காட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்துவிட்டால், உள்ளே கால் வைக்காமலே எந்த மரம் எங்கே நிற்கிறது என்று தரையில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். சாதாரண எக்ஸ்ரே ஓர் இடத்தில் நின்று பார்க்கிற பார்வை. விலா எலும்பும் நுரையீரலும் இதயமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துதான் தெரியும். சி.டி. மெஷினில் எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுழல்கிறது. எதிர்ப்பக்கம் இருக்கும் உணர்கருவிகள், ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உடம்பைக் கடந்து வந்தது என்று அளக்கின்றன. அந்த அளவுகளை வைத்து உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாக்குகிறது.

இதை நடைமுறையில் செய்து காட்டியவர் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு முதல் ஸ்கேன் எடுத்தார்கள். கதிரியக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆம்புரோஸ் உடன் இருந்தார். ஒரு சுற்று எடுக்கவே சில நிமிடங்கள் ஆயின. கிடைத்த படத்தில் நீளவாக்கில் 80, அகலவாக்கில் 80 கட்டங்கள்தான். ஆனாலும் மண்டையோட்டைத் திறக்காமல் கட்டி தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் மூளைக்குள் கட்டி இருக்கிறதா என்று அறிய, மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தத் தலைவலியையும் வாந்தியையும் தாங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இந்தக் கணக்கைத் தனியாக யோசித்து 1960களிலேயே எழுதிவைத்த ஆலன் கார்மாக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிள்ளைகள் இன்னொரு பெயரையும் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்: ஜி. என். ராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1952இல், சுமார் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய வடிவம் கொண்டது என்று சென்னையில் இருந்தபடி சொன்னவர். புரத அமைப்பைப் படிக்கிற மாணவர்கள் இன்றும் அவர் பெயரிலுள்ள வரைபடத்தில்தான் தொடங்குகிறார்கள். அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, 1971 செப்டம்பரில், அதாவது லண்டனில் முதல் ஸ்கேன் எடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. சுற்றி எடுத்த நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டெடுக்க, அதுவரை இருந்த நீண்ட கணக்குக்குப் பதிலாகச் சுருக்கமான வழி ஒன்றை அதில் காட்டியிருந்தார்கள். கணக்கு குறைந்தால் கம்ப்யூட்டர் காத்திருக்கும் நேரம் குறையும். அவசர நோயாளிக்கு அதுதான் உயிர்.

பிற்பாடு வந்த சி.டி. மெஷின்கள் பல பத்தாண்டுகளுக்கு அந்த வழியைச் சார்ந்தே படம் வரைந்தன. உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் அதற்கு ‘ராம்-லக் ஃபில்டர்’ என்று பெயர். ராம் என்பது ராமச்சந்திரன், லக் என்பது லட்சுமிநாராயணன். நோபல் பரிசு ராமச்சந்திரனுக்குக் கிடைக்கவில்லை. 2001இல் சென்னையில் காலமானார். ஸ்கேன் அறைக்குள் வேலை செய்கிற நம் பிள்ளைகள் பலருக்கே இந்த வரலாறு தெரியாது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கணக்கில் கிடைப்பது எண்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000 என்று வைத்துக்கொண்டார்கள். கொழுப்பு கழித்தல் 100ஐ ஒட்டி வரும். மூளை 25லிருந்து 40வரை. புதிதாக உறைந்த ரத்தம் 60, 70. கெட்டியான எலும்பு 1000ஐ எட்டும். இவற்றை ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் என்கிறோம். மனிதக் கண்ணால் இத்தனை ஆயிரம் சாயல்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே மூளையைப் பார்க்கும்போது 0 முதல் 80 வரை உள்ளதை மட்டும் விரித்துப் பார்ப்போம். எலும்பைப் பார்க்க வேறு அளவு, நுரையீரலுக்கு வேறு அளவு. உங்கள் கையில் தருகிற ஃபிலிமில் ஒரே நெஞ்சு இரண்டு விதமாக, ஒன்றில் நுரையீரல் கறுப்பாகவும் மற்றதில் விவரமாகவும் தெரிவது இதனால்தான்.

இனித் தலைக்கு வருவோம். நேரத்தோடு போட்டி போடுகிற ஸ்கேன் இது.

திடீரென்று வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. உடனே வேண்டியது மருந்து ஏற்றாத வெறும் தலை ஸ்கேன், நாங்கள் ப்ளெயின் என்று சொல்வது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்துக் கசிந்திருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கு அது விடை சொல்லும். அடைப்பென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவென்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. புதிய ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அடைப்பு, முதல் சில மணி நேரத்தில் படத்தில் ஒன்றுமே காட்டாமல் போகலாம். “ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க, கூட்டிட்டுப் போறோம்” என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் நார்மல் என்றால் ரத்தக்கசிவு இல்லை, ஊசி போட வழி இருக்கிறது என்று பொருள். அந்த ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. அடைப்பு வந்த மூளையில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கிராமங்களிலிருந்து தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ போய்ச் சேர வேண்டும். ஆம்புலன்ஸ் வர வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த நாலரை மணியில் சோடா கொடுத்துப் பார்ப்பதற்கும் எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதற்கும் இடமே இல்லை. “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?” என்று மருத்துவர் கேட்பார். அதற்கு விடை தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும்.

தலையில் அடிபட்டவருக்கும் ப்ளெயின் ஸ்கேன்தான். விழுந்தவர் எழுந்து நின்று நன்றாகப் பேசுவார், டீ கூடக் குடிப்பார். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கம் வருகிறது என்று படுப்பார், எழ மாட்டார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் தமனி ஒன்று கிழிந்து ரத்தம் சேர்வதால் வருகிற நிலை இது. நேரத்தோடு கண்டுபிடித்து ரத்தத்தை வெளியேற்றினால் முழுமையாகப் பிழைத்து வருவார்கள். ஆகவே இரண்டு தடவைக்கு மேல் வாந்தி, கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் கசிவது, வயது அறுபத்தைந்துக்கு மேல், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் தேவை. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் ஏற்றுக்கொள்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். பணத்துக்குப் பயந்து அடிபட்டவரை வீட்டில் போட்டு வைக்க வேண்டாம்.

வயதானவர்கள் கதை வேறு. பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார், காயம் இல்லை, எல்லாரும் மறந்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பேச்சு தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே மெல்ல மெல்ல ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கலாம். முதல் நாள் வெள்ளையாக இருக்கும் ரத்தம் நாள் ஆக ஆக மங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மூளையின் நிறத்துக்கே வந்துவிடும். பிறகு கறுப்பாகும். அந்த நடுக்கட்டத்தில் எடுத்த படத்தில் ரத்தமும் மூளையும் ஒரே சாயலாக இருப்பதால் கண் ஏமாறக்கூடும். “மூணு வாரத்துக்கு முன்னால விழுந்தாங்க” என்று மகளோ பேத்தியோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாங்கள் அதைத்தான் தேடுவோம். சொல்லாவிட்டால் மெஷின் கேட்காது.

படுக்க வைப்பதிலும் முறை இருக்கிறது. முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, கண் பாவைக்குக் கதிர் குறைவாகப் படும்படி தலையைச் சரிசெய்வோம். காதில், மூக்கில், கொண்டையில் உலோகம் இருக்கக் கூடாது. உலோகத்தைச் சுற்றிக் கதிர் சிதறி, படம் முழுக்கக் கீற்றுக் கீற்றாகக் கோடு விழும். பக்கத்தில் இருக்கும் கசிவை அந்தக் கோடு மறைத்துவிடும். நம் பக்கத்துப் பெரிய மனுஷிகள் சிலர் இன்னும் பாம்படம் போட்டிருக்கிறார்கள். அறுபது வருஷமாகக் கழற்றாத நகை. ஸ்கேன் டேபிளில் வைத்து அவசரமாகக் கழற்ற முயன்றால் காது வலிக்கும், ஆத்தாவும் மிரண்டுபோவார். வீட்டிலேயே, மகள் கையால், மெல்லக் கழற்றித் துணியில் முடிந்து பத்திரமாக வைத்துவிட்டு அழைத்து வாருங்கள். நெஞ்சு ஸ்கேனுக்குத் தாலியை என்ன செய்வது என்று பல பெண்கள் தயங்கி நிற்பார்கள். மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. தங்கச் சங்கிலி என்றால், கழற்ற மனமில்லாதவர்கள் டெக்னீஷியனிடம் சொன்னால், முடிந்தவரை படம் எடுக்கும் பகுதியை விட்டு விலக்கி வைத்து எடுப்பார்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

நெஞ்சுக்கு எடுக்கும்போது இரண்டு கையும் தலைக்கு மேலே. மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். அந்தச் சில விநாடியில் மூச்சு விட்டால் நுரையீரல் படம் கலங்கிவிடும். மெஷின் குரல் சில இடங்களில் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ பேசும். தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நுரையீரல் தடித்துப் போவது, நாள்பட்ட இருமல் என்றால் 1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வெட்டுகளாக எடுப்போம், மருந்து வேண்டாம். சில சமயம் மூச்சை வெளியே விட்டும், கவிழ்த்துப் படுக்க வைத்தும் எடுப்போம். கட்டி, நெறிக்கட்டு என்றால் மருந்து ஏற்ற வேண்டும். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று தேடினால், மருந்து அந்தத் தமனியை எட்டும் கணத்தை மெஷினே பார்த்துக்கொண்டிருந்து அப்போது எடுக்கும். மூன்றும் நெஞ்சு சி.டி.தான்; ஒன்றில் தெரிவது இன்னொன்றில் தெரியாது. கரிமூட்டம் போடுகிறவர்கள், பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள் தங்கள் தொழிலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் நம் கரையில் சங்கு குளிப்பு நிற்கவில்லை. கடலில் இருந்து ஏறியதும் நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால், முங்கி வந்தவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வேகமாக மேலே ஏறும்போது நுரையீரல் கிழிந்து காற்று வெளியே சேர்ந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியாத சின்ன அளவையும் சி.டி. காட்டும்.

வயிற்றுக்கு வருவோம். குழப்பம் அதிகம் நடக்கிற இடம் இதுதான்.

உப்பளத்திலும் கரிசல் வெயிலிலும் வேலை செய்து, தண்ணீர் போதாமல் குடிக்கிற மக்களுக்குச் சிறுநீரகக் கல் வருவதில் ஆச்சரியம் இல்லை. கல்லைத் தேடும் ஸ்கேனுக்கு மருந்து வேண்டாம். மருந்து ஏற்றினால் அது சிறுநீரில் இறங்கி வெள்ளையாகிவிடும்; கல்லும் வெள்ளை; இரண்டும் கலந்து கல் மறைந்துபோகும். எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் ப்ளெயின் சி.டி.யில் தெரியும். கதிரளவைக் குறைத்தும் இதை எடுக்கலாம். கல் மூத்திரப்பையின் வாயில் சிக்கியிருக்கிறதா, பைக்குள் விழுந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கவிழ்த்துப் படுக்கச் சொல்லி மறுபடி பார்ப்போம். விழுந்த கல் இடம் மாறும்.

கல்லீரலில் கட்டி என்றால் நிலைமை நேர்மாறு. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியாக வருகிறது, கால் பங்குதான் தமனி வழியாக. கல்லீரல் புற்றுநோயோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே உறிஞ்சுகிறது. ஆகவே ஊசி ஏற்றிய சுமார் 35ஆவது விநாடியில் எடுத்தால் கட்டி பளிச்சென்று தெரியும். சுமார் 70ஆவது விநாடியில் கல்லீரல் வெளுக்கும், கட்டி மங்கும். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை. இந்த மூன்றையும் ஒப்பிட்டால் சதையைக் கிள்ளி எடுக்காமலேயே பல சமயம் முடிவு சொல்லிவிடலாம். விநாடி தவறினால் விடையும் தவறும். டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான். கணைய அழற்சியில், உயிருக்கு அவசரம் இல்லையென்றால், முதல் நாளே ஸ்கேன் கேட்டு நச்சரிக்கக் கூடாது. எவ்வளவு திசு செத்திருக்கிறது என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெளிவாகும்.

இந்த மருந்து ஊசியை நம் ஜனங்கள் ‘கான்ட்ராஸ்ட்’ என்றும் ‘கலர் ஊசி’ என்றும் சொல்வார்கள். நிறமெல்லாம் கிடையாது; அயோடின் கலந்த தெளிந்த திரவம். முழங்கை மடிப்பில் ஊசி குத்தி, பம்ப் வைத்து வேகமாக ஏற்றுவோம். ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். பயப்பட வேண்டாம், ஒரு நிமிடத்தில் போய்விடும். ஊசி குத்திய இடம் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, உடம்பு தடித்து அரித்தாலோ உடனே குரல் கொடுங்கள்.

ஊசிக்கு முன்பு கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதை வீண் செலவு என்று சண்டை போடாதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்ல வேண்டும். நிறுத்துவதா வேண்டாமா என்பதைச் சிறுநீரகத்தின் நிலையை வைத்து மருத்துவர் முடிவு செய்வார். பால் கொடுக்கும் தாய்மார்கள் பால் நிறுத்தத் தேவையில்லை.

கடற்கரையில் இருந்து வருபவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று: “எனக்கு இறால் ஒத்துக்காது, அதுல அயோடின் இருக்காம், இந்த ஊசி போடலாமா?” போடலாம். இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள புரதம், அயோடின் அல்ல. எந்த ஒவ்வாமை இருந்தாலும் சொல்லுங்கள், ஆஸ்துமாவும் சொல்லுங்கள். ஆனால் மீன் ஒத்துக்கொள்ளாது என்ற ஒரே காரணத்துக்காகத் தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். முன்பு இதே ஊசி போட்டு மூச்சு முட்டியிருந்தால், அதுதான் உண்மையான எச்சரிக்கை. அதை மறைக்கவே கூடாது.

வெறும் வயிற்றில் வரச் சொல்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. அதிகாலை பஸ் பிடிப்பதற்கு முன் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டு, ஸ்கேன் இருக்கிறதே என்று சாப்பிடாமல் வந்து, வரிசையில் உட்கார்ந்தபடியே சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மருந்து ஏற்றாத ஸ்கேனுக்குப் பொதுவாகப் பட்டினி தேவையே இல்லை. மருந்து ஏற்றுவதென்றாலும் தண்ணீர் குடிக்கலாமா, இன்சுலினை என்ன செய்வது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பு பற்றிப் பனையேறும் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்திலிருந்து விழுந்து காலூன்றி இறங்குகிறவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கும். வலி முழுக்கக் குதிகாலில் இருப்பதால் காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப்போட்டுவிடுவார்கள். விழுந்த வேகம் காலோடு நிற்பதில்லை. முதுகு வழியே ஏறி, விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் எலும்பை அமுக்கி நொறுக்கும். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கிறது என்பது எலும்பு மருத்துவத்தில் பழைய பாடம். ஆகவே “பனையில இருந்து விழுந்தாரு, இவ்வளவு உயரம்” என்று சொல்லி முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். சி.டி.யில் எலும்பை நெடுக்குவாட்டில் திருப்பிப் பார்த்தால், உடைந்த சில்லு தண்டுவடப் பாதைக்குள் தள்ளியிருக்கிறதா என்பது தெரியும். தண்டுவடமே நசுங்கியிருக்கிறதா என்பதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். இதைவிட முக்கியம், விழுந்தவரைத் தூக்கும் விதம். இரண்டு பேர் கக்கத்திலும் இரண்டு பேர் காலிலும் பிடித்து ஆட்டோவில் மடக்கி ஏற்றினால், நடந்திருக்க வேண்டியவர் ஆயுசுக்கும் படுக்கையில் கிடப்பார். பலகையில் நேராகக் கிடத்தி, முதுகு வளையாமல் கொண்டு வாருங்கள்.

மற்ற ஸ்கேன்களைப் பொறுத்தவரை, இதய ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு நாடித்துடிப்பை மாத்திரை கொடுத்து 65க்குள் இறக்குவார்கள் என்பதும், கழுத்து ஸ்கேனில் எச்சில் விழுங்காமல் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்தால் போதும்.

இனிக் கதிர்வீச்சு. நாம் சும்மா இருந்தாலும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர் வாங்குகிறோம். மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கரையில் இன்னும் கூடுதல். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாது. தலை சி.டி. சுமார் 2, நெஞ்சு 6, வயிறு 8 வரை வரும். வயிற்றை மூன்று கட்டமாக எடுத்தால் அதற்கேற்பப் பெருகும். தேவையான ஸ்கேனால் கிடைக்கும் பலனோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து மிகச் சிறிது. தேவையில்லாத ஸ்கேனில் பலனே இல்லை, மிச்சம் இருப்பது ஆபத்து மட்டும். ‘எதுக்கும் ஒரு ஃபுல் பாடி ஸ்கேன்’ என்று கேட்பதை நான் எதிர்க்கக் காரணம் இது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்த மறுநாளே நெஞ்சு ஸ்கேனுக்கு வரிசையில் நின்றார்கள். நுரையீரல் பாதிப்புக்கு 25க்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுப் பயந்துபோனார்கள். முதல் ஓரிரு நாளில் படம் பல சமயம் சுத்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் அளவு.

குழந்தைகள் விஷயத்தில் இரட்டைக் கவனம். அவர்களுடைய செல்கள் வேகமாகப் பெருகுகின்றன; முன்னே நீண்ட ஆயுளும் இருக்கிறது. குழந்தைக்குப் பெரியவர் அளவில் கதிர் வைக்கக் கூடாது. உடம்புக்கு ஏற்ப 80 அல்லது 100 கிலோவோல்ட்டுக்கு இறக்க வேண்டும். தொட்டிலிலிருந்து விழுந்த பிள்ளைக்கெல்லாம் ஸ்கேன் தேவையில்லை. 2009இல் லான்செட் இதழில் வந்த வட அமெரிக்க ஆய்வு, தலையில் அடிபட்ட 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து, யாருக்கு ஸ்கேனைத் தவிர்க்கலாம் என்று தெளிவான விதிகளைத் தந்தது. மருத்துவர் “எடுக்க வேண்டாம், சில மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்க்கலாம்” என்றால், அவர் கவனிக்கவில்லை என்று எண்ணாதீர்கள். பிள்ளையின் மேல் அக்கறையோடுதான் சொல்கிறார். மாதவிடாய் தள்ளிப்போன பெண்கள், மாமியார் பக்கத்தில் நின்றாலும் கூச்சப்படாமல், டேபிளில் ஏறுமுன் டெக்னீஷியனிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், ஃபிலிம், படம் பதிந்த டிஸ்க் எதுவானாலும் ஒரு பையில் போட்டு வையுங்கள். நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தால், இரண்டு வருஷம் முன்பும் அதே அளவில் இருந்ததா என்பதுதான் புற்றுநோயா இல்லையா என்பதற்குப் பெரிய சாட்சி. பழைய படம் இல்லாததால் மறுபடி மறுபடி ஸ்கேன் எடுக்கிறவர்கள் ஏராளம். அந்தப் பையோடு ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதி வையுங்கள்: என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, முன்பு நடந்த ஆபரேஷன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் இன்று இரவே எழுதிக் கொடுங்கள்.